மதியம் இரண்டு முதல் மூன்று வரை

செல்லக்கனி ராஜபாளையத்து இன்ஸ்டிட்யூட் ஒன்றில் தமிழ் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தாள். மிச்ச நேரத்தில் அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதினாள். மெஷினில் விரல் பழகிய பெண்கள் அதே விசைகளைத் தட்டிக் கம்ப்யூட்டரிலும் தமிழ் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. யார் கேட்டாலும் மூலநிரலோடு சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவாள். கூட எழுதியவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரி லேபில் வேலைபார்த்த தங்கச்சாமி.

இருவருக்கும் நடுவே ஒரே ஒரு பிளாப்பி, பஸ் கண்டக்டர்கள் கையில் போய்வந்தது. ஆளுக்கொரு பிரதியைத் திருத்திக் குழப்பக் கூடாதென்று, அனுப்புகிறவர் தன்னிடம் இருப்பதை அழித்துவிட வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். அதில் பெருமை வேறு! 1998 சித்திரையில் ஒரு கண்டக்டர், பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாப்பியை என்ஜின் மூடிமேல் வைத்தார். அப்பளம்போல வளைந்து போய்ச் சேர்ந்தது. ஒன்றரை வருட உழைப்பு. செல்லக்கனிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு பழைய பிரிண்ட் அவுட் ஒன்றைத் தேடியெடுத்து, ஒரு மாதம் உட்கார்ந்து திரும்ப அடித்தாள்.

இனி எங்கே வைப்பது? வெளிநாட்டுத் தளம் ஒன்று இலவசமாக இடம் தந்தது. ஆனால் இன்டர்நெட்டுக்கு மதுரைக்கு எஸ்.டி.டி. போட வேண்டும், லைன் பாதியில் அறுந்துவிடும். கல்லூரி கம்ப்யூட்டரோ லீவு விட்டால் பூட்டிக் கிடக்கும்.

"நம்ம பெட்டி நம்மகிட்டயே இருக்கட்டும் அக்கா. எந்த வரிய யாரு மாத்துனாலும் பழசையும் சேத்து வச்சுக்கிடும்" என்று தங்கச்சாமி ஒரு பழைய 486 கம்ப்யூட்டரில் லினக்ஸையும், மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் சி.வி.எஸ்ஸையும் ஏற்றினான். ராஜபாளையத்திலிருந்து செல்லக்கனி போன் வழியே எழுதியதை அதற்கு அனுப்ப, போன் லைன் உள்ள இடம்தான் இல்லை.

அந்த இடத்தைக் கொடுத்தவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த ஐயாதுரை. "மத்தியானம் ரெண்டுலேருந்து மூணு வரைக்கும் ஈ காக்கா வராது. லைன எடுத்துக்கிடுங்க" என்றார். வாடகை என்று தங்கச்சாமி வாயெடுத்ததும், "ஏலே, போய் வேலையப் பாருலே" என்று விரட்டினார். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஐப்பசி மழையில் ஓர் இடி, இன்ஸ்டிட்யூட் கம்ப்யூட்டரைச் சுட்டுப் பொசுக்கியது. அவள் புதிதாய் எழுதியதெல்லாம் இப்போது பூத்துப் பெட்டியில் மட்டும். முதல் பஸ்ஸில் ஓடினாள். பூத்துக்குள் முழங்கால் தண்ணீர். புது ஃபேக்ஸ் மெஷின் முங்கிக் கிடந்தது. பெட்டியைக் காணோம். விசாரித்துக்கொண்டு ஐயாதுரையின் வீட்டுக்கு ஓடினாள்.

அங்கே இருந்த ஒரே கட்டிலில் பெட்டி உட்கார்ந்திருந்தது, அவர் மனைவியின் சேலையைப் போர்த்திக்கொண்டு. பிள்ளைகள் தரையில் தூங்கின.

"ரெண்டு தடவ தூக்க நேரமில்லம்மா. உங்க பெட்டியத்தான் மொதல்ல தூக்குனேன்" என்றார். செல்லக்கனி நின்ற இடத்திலேயே அழுதாள்.

புரோகிராமின் அடுத்த பதிப்பில், எழுதியவர்கள் பட்டியலில் மூன்றாவதாக ஐயாதுரையின் பெயரைச் சேர்த்தாள். தங்கச்சாமி அதைப் படித்துக் காட்டியதும் மனிதர் கூசிப்போய்ச் செல்லக்கனியைப் பார்த்தார்.

"நான் ஒத்த எழுத்து எழுதலையேம்மா?"

"நாங்க எழுதுனத நாங்களே அழிச்சோம் அண்ணாச்சி. நீங்கதான அழியாம வச்சிருந்தீக."