திருப்திகரமாக இருப்பதாகக் காணப்பட்டது

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருடம் எழுத்து வேலை பார்த்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த ஆறு வருடமும் நான் எழுதியது நாலைந்து வாக்கியங்கள்தான். துணியைத் தொட்டுப் பார்த்து ஆர்டர் கொடுத்துக்கொண்டிருந்த வெளிநாட்டு பையர்கள், ஒவ்வொரு வேலையும் எந்த முறையில் நடக்கிறது, அந்த முறை சரியா என்று எழுதித் தரச் சொல்ல ஆரம்பித்திருந்த காலம் அது. உடுமலைப்பேட்டையில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுச் சும்மா இருந்த எனக்கு அதனால்தான் வேலை கிடைத்தது.

பழைய ஃபைல்களைப் புரட்டியே தொழிலைப் பழகிக்கொண்டேன். எக்ஸலெண்ட் என்று எழுதவே கூடாது, பையர்கள் சோதனைக்கு அனுப்பும் ஆடிட்டருக்கு உடனே சந்தேகம் வரும். அடிக்குவேட், போதுமானது, என்றால் யார் கண்ணையும் உறுத்தாது. வெல் எஸ்டாப்ளிஷ்டு என்றால் ரொம்ப நாளாக இப்படித்தான் செய்கிறோம், மேலே கேட்காதீர்கள் என்று பொருள். நடுவில் எங்காவது வித் மைனர் லிமிடேஷன்ஸ் என்று ஒரு சின்னக் குறையைக் கிள்ளிப் போட்டால், உப்புப் போட்ட குழம்பு மாதிரி மொத்தமும் நம்பும்படி ஆகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ஃபவுண்ட் சேட்டிஸ்ஃபேக்டரி. தீயணைக்கும் முறை, உடைந்த ஊசியைத் தேடும் முறை, தண்ணீர்த் தொட்டி கழுவும் முறை, எல்லாமே திருப்திகரமாக இருப்பதாகக் காணப்பட்டன. நான் எதையும் போய்ப் பார்த்ததில்லை. அதில் எனக்கு வெட்கமும் இருக்கவில்லை. "நம்ம புள்ள எழுதிக் குடுத்துச்சுன்னா ஒரு கேள்வி வராதுங்க" என்று முதலாளி மேனேஜரிடம் சொல்வதைக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

தொட்டி கழுவுகிறவர் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர். முப்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசமாட்டார். கம்பெனி முற்றத்துக்கு அடியில் பெரிய தொட்டி, நடுவில் சுவர் வைத்து இரண்டு அறை. மாதம் ஒருமுறை இரும்பு மூடியைத் திறந்து இறங்கி, சுவரில் இருக்கும் சின்னத் திறப்பில் குனிந்து உள்ளறைக்குப் போய்ச் சேற்றை வழித்தெடுப்பார். ஒரு நாள் என் மேசைக்கு வந்து, தன் வேலையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார். தமிழில் சொன்னேன்.

"தட்டுறத எழுதலியா மேடம்?"

"எதைத் தட்டறீங்க?"

"உள்ளறைக்குள்ள போயிட்டா மேல ஆள் நிக்கானா போயிட்டானான்னு தெரியாதுல்லா. அதான் மோட்டார் பைப்ப ஸ்பேனரால மூணு தட்டு தட்டுவேன். மேல நிக்கவன் திருப்பி மூணு தட்டுவான். அவன் தட்டலன்னா நான் வெளிய வந்துருவேன். அதாம் எங்க முறை."

அதெல்லாம் ஃபார்மெட்டில் வராது என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

அந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஆடிட், தொட்டி கழுவும் நாளும் அதுதான். எங்கள் ஊர் வழக்கப்படி ரெஜிஸ்டர்களை எல்லாம் முன்கூட்டியே நிரப்பி வைத்தோம். ஆங்கிலம் என் ஒருத்தி கையெழுத்தில்தான் வரவேண்டும் என்பதால் புதன்கிழமையே உட்கார்ந்து மாதக் கடைசி வரை எழுதி முடித்தேன். தொட்டி ரெஜிஸ்டரில் வெள்ளிக்கிழமைக்கு உரிய பக்கத்தில், ஆள் இறங்கிய நேரம் இரண்டு மணி, வெளியே வந்த நேரம் மூன்று நாற்பது, முறை திருப்திகரமாக இருப்பதாகக் காணப்பட்டது என்று எழுதினேன். மூன்று நாற்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முழு மணியாக இருந்தால் பொய் மாதிரித் தெரியும் என்று தோன்றியிருக்கும். மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, ரெஜிஸ்டரைத் தொட்டிப் பக்கத்து ஆணியில் மாட்டச் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆடிட்டர் என் எதிரில் உட்கார்ந்து ஃபைல் படித்துக்கொண்டிருந்தார். மரியாதையான மனிதர். என் வாக்கியங்களின் மேல் அவர் பென்சில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, எனக்குப் பெருமையாக இருந்தது. முற்றத்தில் தண்ணீர் லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

அப்போது சுவரில் சத்தம் கேட்டது. என் முதுகுக்குப் பின்னால், முற்றத்துத் தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏறுகிற மோட்டார் குழாயில். மூன்று தட்டு.

கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று ஐம்பது. அவர் வெளியே வந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன். என் கையால் நானே புதன்கிழமை இட்டுக்கட்டிய நேரத்தை நான் நம்பினேன். உள்ளே யாரும் இல்லாத தொட்டியிலிருந்து யார் தட்டுவது என்றுதான் முதலில் தோன்றியது.

மறுபடி மூன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. ஆடிட்டர் தலை நிமிராமல் பக்கத்தைப் புரட்டினார். மேலே நிற்பவன் திருப்பித் தட்டுகிற சத்தம் மட்டும் வரவில்லை. நான் மேசை மேலிருந்த ஸ்டேப்ளரை எடுத்துக் குழாயில் மூன்று முறை தட்டினேன்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு குழாய் முழுக்கச் சத்தம். மூன்றும் இல்லை முப்பதும் இல்லை, விடாமல், வெறி பிடித்தது மாதிரி. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

மூடி தாழிட்டுக் கிடந்தது. லாரிக் குழாய் மூடிக்குப் பக்கத்திலிருந்த சின்னத் துளை வழியாகத் தொட்டிக்குள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே நிற்க வேண்டிய ஆளை, ஆடிட் நேரத்தில் பேக்கிங்கில் ஆள் குறையக்கூடாது என்று கூட்டிப் போயிருந்தார்கள். லாரி வந்ததும் செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஆணியிலிருந்த ரெஜிஸ்டரைப் பார்த்திருக்கிறார்.

"வெளிய வந்தாச்சுன்னு போட்டிருந்துச்சுங்க மேடம். நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு மூடிப்போட்டனுங்க."

மூடியைத் திறந்தபோது உள்ளே நெஞ்சு வரை தண்ணீர். இரண்டு பேர் இறங்கித்தான் தூக்கி வந்தார்கள். மூடியை அடித்துப் பார்த்திருக்கிறார், லாரிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அப்புறம் இருட்டில் தடவிக்கொண்டு திரும்பவும் குழாய்க்கே போயிருக்கிறார். வெயிலில் உட்கார வைத்தும் வெகுநேரம் அவர் கையிலிருந்த ஸ்பேனரை யாராலும் வாங்க முடியவில்லை. ஆடிட்டரிடம் குழாய் ஒழுகுகிறது என்று மேனேஜர் சொன்னார்.

அன்று சாயங்காலமே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு உள்ளதை எழுதுகிறேன் என்று மேனேஜரிடம் போய் நின்றேன். "ஆளு வெளிய வந்தாச்சில்லீங்க, அப்பறம் எதைங்க மாத்தறது?" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. இரண்டு வாரத்தில் ஆடிட் ரிப்போர்ட் வந்தது. தொட்டி கழுவும் முறை வெல் எஸ்டாப்ளிஷ்டு என்று காணப்பட்டதாம்.

அதற்கு மறுநாள் அவர் என் மேசைக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போவதாகச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். புதன்கிழமையே எழுதியது என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, நிதானமாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கதவு வரை போனவர் திரும்பி நின்றார்.

"அப்ப மூணு நாப்பதுக்கு மேல உள்ள கெடந்தது யாரு மேடம்?"