நிற்கும் வரை ஓட்டிய வேன்

எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு இன்று ஒரு பாய் பழைய வேனைக் கொண்டுவந்தார். ஓடும்போதே எஞ்சின் திடீர் திடீரென்று அணைந்துவிடுகிறதாம்.

"நாளைக்கு மருமவன திருச்சி ஏர்போர்ட்ல விடணும் தம்பி. வழியில நின்னா ஃப்ளைட்டு போயிரும்."

ஸ்கேனர் மாட்டினேன். எந்தப் பாகம் பழுது என்று காட்டும் எரர் கோடு ஒன்றுகூட இல்லை.

"எஞ்சின் லைட்டு எரியலையா பாய்?"

"எரிஞ்சுச்சு. காலையில நாந்தான் ஃபோன் ஆப்புல எல்லாத்தையும் அழிச்சேன்."

"ஏன்?"

"கடைக்குக் கொண்டாரப்ப சுத்தமா இருக்கட்டுமேன்னு."

இனி வேன் நின்றால்தான் கோடு மறுபடி பதியும். சுரக்குடி வரை ஓட்டினோம், நிற்கவில்லை. திரும்பும்போது நடுரோட்டில் நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். பின்னால் நின்ற பஸ் டிரைவர் எங்கள் இருவரின் குடும்பத்தையும் சத்தமாக விசாரித்தார்.

ஸ்கேனரில் இப்போது கோடு வந்தது: எஞ்சின் சுற்றுவதைக் கண்காணிக்கும் கிராங்க் சென்சார்தான் பழுது. புதிதாக மாட்டிவிட்டு, "இனிமே நிக்காது பாய்" என்றேன்.

"அப்ப நாளைக்கு நீயும் கூட வா."

விடியற்காலை திருச்சி கிளம்புகிறேன். யாருக்காவது அங்கிருந்து ஏதாவது வேணுமா?