கரண்ட் இல்லாத நேரத்து ஷாக்

மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் அந்தப் பட்டறையில் அவளுக்குப் பெயர் மீட்டர். இயந்திரத்தில் சுற்றை எண்ணும் கருவி எப்போதோ உடைந்து போனது. இவள்தான் இருக்கிறாளே என்று முதலாளி அதை மாற்றவில்லை. எண்பத்து நான்கு சுற்று என்றால் எண்பத்து நான்காவதில் அவள் கால் பெடலை விட்டுத் தானாக எழும். பதினாறு வருடமாக ஒரு சுற்று கூடியதில்லை, குறைந்ததில்லை.

அப்படிப்பட்டவள் அந்த வாரம் இரண்டு மோட்டாரைக் கெடுத்தாள்.

“மிஷின் ஷாக் அடிக்குது முதலாளி.”

கண்ணை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பினால் போதும், மண்டைக்குள் வெட்டென்று ஒரு வெட்டு. அதோடு எண்ணிக்கை காணாமல் போய்விடும். டெஸ்டரை வைத்துப் பார்த்தாள், எரியவில்லை. எர்த் வயரைப் புதிதாக மாற்றினாள். காலுக்கடியில் பலகை போட்டாள். வெட்டு நிற்கவில்லை.

முதலாளி இயந்திரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். “எனக்கு அடிக்கலையே! ஆளைப் பாத்தா அடிக்கும் கரண்டு?”

“அப்ப நான் பொய் சொல்றேனா?”

“நாளைக்கும் எண்ணிக்கை தப்புச்சுன்னா, நீ வார்னிஷ் பூசப் போயிடு. சுத்த வேற ஆள் பாத்துக்கறேன்.”

வார்னிஷ் பூசுவது வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கொடுக்கும் வேலை. அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை மின்வெட்டு. பட்டறை செத்துக் கிடந்தது. வாசலில் யாரோ கூப்பிட, சும்மா உட்கார்ந்திருந்தவள் திரும்பினாள். வெட்டியது.

கரண்டே இல்லாத இடத்தில் எது அடிக்கிறது?

அப்போதுதான் மாத்திரை ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் படுக்கையை விட்டே எழ முடியாமல் கிடந்தபோது ஆரம்பித்த மனநல மாத்திரை. “நல்லாத்தானே இருக்க, இன்னும் எதுக்கு அந்தக் கருமம்?” என்று கணவன் கேட்டதும், பத்து நாளைக்கு முன் ஒரேயடியாக நிறுத்தியிருந்தாள். நாலாம் நாளிலிருந்துதான் இந்த வெட்டு. தூக்கமும் போய், தொட்டதற்கெல்லாம் பாத்திரத்தை வீசினாள். நிறுத்தச் சொன்ன அதே வாய் நேற்று, “வியாதி திரும்பிடுச்சு போல” என்றது.

அரைநாள் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போனாள்.

“இது பழைய வியாதி இல்லம்மா. திடீர்னு நிறுத்தினா சிலருக்கு இப்படி வரும். கொஞ்சங்கொஞ்சமா குறைக்கணும்.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“நிறுத்தலாமான்னு நீங்க கேக்கலையே.”

“சுத்தின மோட்டாரைக் கொடுக்கும்போதே, எடுத்ததும் முழு லோடு ஏத்தாதீங்கன்னு யாரும் கேக்காமலே சொல்லி அனுப்புறோம் டாக்டர். இரும்புக்குச் சொல்றோம்! ரெண்டு வருஷம் மாசாமாசம் வந்தேனே, எனக்கு ஒரு வார்த்தை வரலையா உங்க வாயில?”

டாக்டர் ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார். மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, பிறகு எந்த மாதம் எவ்வளவு குறைப்பது என்று எழுதத் தொடங்கினார்.

“கிறுக்காதீங்க. எனக்குப் புரியற மாதிரி எழுதுங்க.”

வேறு தாள் எடுத்து எழுத்தெழுத்தாக எழுதினார்.

வீட்டில் மாத்திரை அட்டையைப் பார்த்து, “மறுபடியுமா?” என்றான் கணவன்.

“ஆமா. இனிமே என் மண்டை விஷயத்துல நீங்க யோசனை சொல்லாதீங்க.”

மறுநாள் அந்தத் தாளை இயந்திரத்துக்கு மேலே டேப் போட்டு ஒட்டினாள். வெட்டு உடனே நின்றுவிடவில்லை. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை பெடலை விட்டு, சாக்பீஸால் மேஜையில் கோடு போட்டாள். மீட்டர் கோடு போட்டு எண்ணுவதா என்று பல்லைக் கடித்துக்கொண்டே போட்டாள்.

முதலாளி காயிலை வாங்கி ஒவ்வொரு கம்பியாக எண்ணினார். எண்பத்து நான்கு.

“இன்னும் அடிக்குதா?”

“அடிக்குது. மிஷின் மேல பழி போட்டதுக்கு மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன். உங்க பழைய எர்த் வயர் நிஜமாவே அத்துப் போய்த்தான் கிடந்துச்சு.”