பட்டியலில் இல்லாத ஒரு குன்று

செபாஸ்டியன் சார் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் புவியியல் துறை வாட்ஸ்அப் குழுவில் காலை ஒன்பதரை மணிக்கு வந்தது. மாலை போட்ட படம் ஒன்று, கீழே இரண்டு வரி. அனுப்பியவர் எண் என்னிடம் இல்லாத எண். அடுத்தடுத்துக் கூப்பிய கைகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. நான் எதுவும் போடவில்லை. உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் எழுதிவிட்டு முழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டுக்கே அழைத்தேன். அவர் மனைவி ஜெசிந்தா அம்மா எடுத்தார். "ஆமா டீச்சர், விடியக்காலம். தூக்கத்துலயே போயிட்டாரு" என்றார். பிறகு, "நீங்க கூப்பிட்டு நெசமான்னு கேப்பீங்கன்னு தெரியும்" என்றார்.

அந்தப் பேச்சில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இருந்திருந்தால் அதற்கு நான் தகுதியானவள்தான். அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களில் சிலருக்கு அவர் அண்டார்டிகாவுக்குப் போய்வந்த மனிதர். வேறு சிலருக்கு, பொய் சொல்லி மாட்டிக்கொண்டு கல்லூரியை விட்டுப் போனவர். இரண்டாவது பேச்சு ஊரில் பரவியதற்குக் காரணம் நான். ஆகவே இதை நான் எழுதுவதுதான் முறை.

வடக்கே ஒரு வரைபட அலுவலகத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான திண்டுக்கல்லுக்குத் திரும்பியவர் அவர். வரைபடவியல் பாடத்துக்குக் கௌரவ விரிவுரையாளராக எங்கள் துறையில் சேர்ந்தார். இளம் வயதில் ஒரு கோடைக்காலம் முழுவதும் அண்டார்டிகாவில் அளவை செய்தவர் என்று முதல்வர் அறிமுகப்படுத்தினார். ஆசிரியர் அறையில் யாரும் அதை முழுதாக நம்பவில்லை. அம்புட்டுத் தூரம் போனவரு எதுக்கு நம்ம கேண்டீன் டீயக் குடிச்சுக்கிட்டு இங்க உக்காந்திருக்காரு என்று இயற்பியல் துறைக்காரர் ஒருவர் கேட்டார். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான். அவரைப் பற்றி இணையத்தில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததும் எனக்கு ஒரு சான்றாகத் தோன்றியது.

முதல் ஆண்டு காந்திகிராமம் பக்கம் மாணவர்களைக் களப்பயிற்சிக்கு அழைத்துப் போனோம். பழைய வரைபடத்தில் அங்கே ஒரு கண்மாய்க்குக் கருங்குளம் என்று பெயர் போட்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மல்லிகை பறித்துக்கொண்டிருந்த பெண், அப்படி ஒரு பெயரை அவள் கேட்டதே இல்லை என்றாள். இது சாமியாடி கம்மா என்றாள். சார் அவள் பெயரையும் அன்றைய தேதியையும் குறித்துக்கொண்டார். ஒருத்தி சொன்னதை வைத்து வரைபடத்தைத் திருத்த முடியாது, அவள் நம்மை ஏமாற்றவும் கூடும் என்று நான் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் போய்க் கேட்டார். இரண்டு இடத்திலும் சாமியாடி கம்மாதான். பிறகு மாணவர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "வரைபடத்துல ஒரு பேரு இருந்தா, அதை எழுதின ஆளு ஒருத்தர் இருக்காரு. அவரு யாருகிட்ட கேட்டு எழுதினாருன்னு பாருங்க."

அடுத்த ஆண்டு துறை விழாவில், துருவப் பகுதியில் இடங்களுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள் என்று அவர் பேசினார். அரங்கம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஊர் இருந்தால் ஊர்க்காரரிடம் கேட்கலாம், அங்கே யாரிடம் கேட்பது என்று தொடங்கினார். அந்தக் கண்டம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அதனால் ஒவ்வொரு நாடும் தனித்தனியாகப் பெயர்க் குழு வைத்திருக்கிறது. ஒரு மலைக்கோ பனியாற்றுக்கோ பெயர் வேண்டும் என்றால், அது இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, படம், அந்தப் பெயருக்கான காரணம் எல்லாம் எழுதிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். வளர்ப்பு நாய் பெயர், மாமியார் பெயர், விற்கிற பொருளின் பெயர் எல்லாம் பொதுவாக ஏற்கமாட்டார்கள். ஒரே மலைக்கு மூன்று நாடுகள் மூன்று பெயர் வைத்திருப்பதும் உண்டு. எல்லாம் ஒரு பொதுப் பட்டியலில் பக்கம் பக்கமாக நிற்கும்.

கடைசியில் ஒரு படம் காட்டினார். வெள்ளைப் பரப்புக்கு நடுவே தலையை மட்டும் நீட்டிய கறுப்புக் குன்று. அது வீரணன் குன்று என்றார். வீரணன் நத்தத்துக்காரர், பனிவண்டி மெக்கானிக்காகக் கூட வந்தவர். அந்தக் குன்றின் அடியில் வண்டி நின்றுபோய், பனிப்புயலில் நான்கு பேர் ஒரே கூடாரத்தில் நான்கு நாள் கிடந்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் காலை வீரணன் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் வண்டியைச் சரிசெய்தார். நால்வரும் பிழைத்தார்கள். அவருடைய இரண்டு விரல்களின் நுனி மட்டும் பனியில் கருகிப் போனது. மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அண்டார்டிகாவில் நத்தம் மெக்கானிக் பெயரில் மலை என்று உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது.

அந்த வாரமே நான் பொதுப் பட்டியலை எடுத்துத் தேடினேன். வீரணன் என்று எந்தக் குன்றும் இல்லை. எழுத்து மாற்றிப் போட்டும் தேடினேன், இல்லை. ஆனால் பழைய அண்டார்டிகா பயண அறிக்கை ஒன்றின் பின்னிணைப்பு கண்ணில் பட்டது. குழு பரிந்துரைத்த பெயர்கள் அதில் வரிசையாக இருந்தன. அவர் திரையில் காட்டிய அதே அட்சரேகை, அதே தீர்க்கரேகை. எதிரே போட்டிருந்த பெயர், செபாஸ்டியன் குன்று.

தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டு, ஊரில் நல்ல பெயர் வாங்க ஒரு மெக்கானிக்கின் பெயரைச் சொல்கிறார். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. இரண்டு தாள்களையும் அச்செடுத்துக்கொண்டு நேராக முதல்வர் அறைக்குப் போனேன்.

முதல்வர் அவரை வரவழைத்தார். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாளையும் நிதானமாகப் படித்தார்.

"மேடம் கொண்டு வந்தது சரியான தாள்தான். குழு போட்ட பேரு என்னுது" என்றார்.

அப்படியானால் வீரணன் பெயர் என்ன ஆயிற்று என்று முதல்வர் கேட்டார். அங்கே இருந்தபோது அப்படித்தான் கூப்பிட்டோம், குழுவுக்கும் அதைத்தான் எழுதி அனுப்பினேன், அவர்கள் ஏற்கவில்லை, பட்டியலில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, அது பத்திரிகை எழுதியது என்றார். முதல்வர் முகத்தில் சலிப்பு தெரிந்தது. நான் விடவில்லை. அவ்வளவு பெரிய காரியம் செய்தவரின் பெயரைக் குழு ஏன் ஏற்கவில்லை என்று கேட்டேன். அவர் இரண்டு தாளையும் என் பக்கம் நகர்த்தினார்.

"அது என் வாயால சொல்லக்கூடியது இல்ல மேடம்."

குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த பருவத்துக் கால அட்டவணையில் அவர் பெயர் இல்லை. திருத்த வேண்டிய விடைத்தாள்களை எல்லாம் திருத்தி, வரிசை எண்படி அடுக்கி, என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பேகம்பூரில் அவர் வழக்கமாகப் போகும் கடையில்கூட, அண்டார்டிகா சார் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்களாம். கேள்விப்பட்டபோது எனக்கு உறுத்தியது. ஆனால் என்னிடம் தாள் இருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு மதியம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் துறைக்குள் வந்து என்னைத் தேடினார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தான்தான் வீரணன் என்றார். ஆதார் அட்டை கேட்காத குறையாக அவரை ஏற இறங்கப் பார்த்தேன். அவர் வலது கையை மேசைமேல் வைத்தார். இரண்டு விரல்கள் நகம் இருக்க வேண்டிய இடத்துக்கு முன்பே முடிந்திருந்தன.

சார் வேலையை விட்டது தனக்கு இப்போதுதான் தெரிந்தது என்றார். நத்தத்தில் மாந்தோப்பு பார்க்கிறார். டவுனில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வண்டி நின்னதே என் தப்புதான் மேடம்" என்றார். "டீசல் வடிகட்டியில தண்ணி சேரும். கெளம்புறதுக்கு முன்னாடி அதைத் தொறந்து வடிச்சு விடணும். அன்னைக்கு அவசரத்துல விட்டுட்டேன். தண்ணி ஒறஞ்சு வண்டி நின்னுபோச்சு. நாலு உசுரு. விசாரணையில நானே ஒத்துக்கிட்டேன். அப்பறம் எப்படி என் பேர வப்பாக?"

இதெல்லாம் தெரிந்தும் சார் ஏன் அவர் பெயரை எழுதி அனுப்பினார் என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன். தப்பும் நீதான் செஞ்ச, சரியும் நீதான் செஞ்ச, ரெண்டும் அந்த எடத்துலதான் நடந்துச்சுன்னாரு."

குழு மறுத்த கதையையும் சார் அப்போதே நத்தத்துக்கு நேரில் வந்து அவரிடம் சொல்லியிருக்கிறார். பிறகு பல ஆண்டு கழித்துப் பத்திரிகையில் செய்தி வந்ததும், வீரணனின் பேரப்பிள்ளைகள் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். "புள்ளைகளுக்குத் தெரிய வேணாம் சார்னு நாந்தான் கெஞ்சினேன். அவரு வாயத் தொறக்கல. அதுக்காக வேலை போகும்னு நான் கண்டேனா?" என்றார். அன்று மாலையே பேரப்பிள்ளைகளிடம் தன் வாயால் சொல்லிவிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பினார்.

அவர் போன பிறகு, விழாவில் ஒரு மாணவி செல்போனில் எடுத்த பதிவை வாங்கிக் கேட்டேன். அந்த இடத்தில் சார் சொன்னது இதுதான்: "எங்களுக்கு இது வீரணன் குன்று." எங்களுக்கு என்ற சொல் தெளிவாகவே இருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று அது காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவில் பூசை முடிந்து சாரும் மனைவியும் திரும்பியிருக்கும் நேரம் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த ஜெசிந்தா அம்மா வழியை விடாமல் நின்றார். உள்ளேயிருந்து சார்தான், வரச் சொல் என்றார். வீரணன் வந்துபோனதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கேட்ட அதே மூச்சில், அந்த அறிக்கையில் உங்கள் பெயர் எப்படி வந்தது என்றும் கேட்டுவிட்டேன். என் குணம் அது.

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு காகிதக் கோப்புடன் வந்தார். வீரணன் பெயரைத் தள்ளிய குழு, அளவை செய்தவர் என்ற முறையில் இவர் பெயரைப் போட்டிருந்தது. இவர் உடனே பதில் எழுதி, நகலையும் வைத்திருக்கிறார். 'இந்தக் குன்றுக்கு என் பெயர் வேண்டாம். அங்கே இருந்த நாங்கள் நால்வரும் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்துவிட்டோம். அதை ஏற்க முடியாது என்றால் பெயரில்லாமலே விட்டுவிடுங்கள்.' இரண்டு முறை படித்தேன். இதை அனுப்பினீர்களா என்று கேட்டேன். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். பதிவுத் தபால் ரசீது குத்தியிருந்தது. அதற்கும் அடியில் குழுவின் பதில்: பெயர் நீக்கப்பட்டது, குன்று அதன் உயரத்தால் மட்டும் குறிக்கப்படும்.

"மேடத்துக்கு ரசீது இல்லாம எதுவும் ஆகாது" என்று மனைவியிடம் சொன்னார். அதன் பிறகுதான் ஜெசிந்தா அம்மா காப்பி கொண்டுவந்தார். நான் எழுந்தபோது சார் வாசல்வரை வந்தார். "நீங்க தேடிப் பாத்ததுல எனக்கு வருத்தம் இல்ல. தேடணும். ஒரு ஆளு மேல சந்தேகம் வந்தா முதல்ல அந்த ஆளுகிட்ட வந்து கேக்கணும். அம்புட்டுதான்" என்றார்.

வீரணனின் ஒப்புதலோடு, நடந்ததை எல்லாம் அதே விழா அரங்கத்தில் மாணவர்களிடம் சொன்னேன். என் பிழையையும் சேர்த்தே சொன்னேன். வீரணன் பேரப்பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருந்தார். சார் வரவில்லை. திரும்ப வேலைக்கு வரும்படி முதல்வர் கேட்டதற்கும், கண் முன்போல இல்லை என்று மறுத்துவிட்டார். அது உண்மைக் காரணமா என்று சந்தேகம் வந்தது. இந்த முறை அவரிடமே போய்க் கேட்டேன். இல்லை என்றார். "அன்னைக்கு முதல்வர் ரூம்ல உக்காந்திருந்தது இன்னும் மறக்கல மேடம்" என்றார். அதற்குப் பிறகு அவர் இருந்த காலம்வரை, எந்தச் சந்தேகம் வந்தாலும் அவருக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபோது, வீரணன் கல்லறைத் தோட்டத்து வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

"சாரு சொல்லித்தான் எல்லாரும் வீரணன் குன்றுங்கிறாக. நாங்க மூணு பேரும் அதைச் சார் குன்றுன்னுதான் சொன்னோம் மேடம். இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு, தெனமும் புயலுக்குள்ள போயி அந்தப் பாறை எந்தத் தெசையில இருக்குன்னு பாத்துட்டு வந்தது அவருதான்."

அப்படியானால் அந்தக் கடிதத்தில் நால்வரும் என்று எழுதியது சரியில்லை. அல்லது துக்கத்தில் வீரணனுக்கு நினைவு மாறுகிறது. கூடாரத்தில் இருந்த மற்ற இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். அறிக்கையில் அவர்கள் பெயர் இருக்கிறது, முகவரி கண்டுபிடிப்பது எனக்குச் சிரமமில்லை. ஒரு கடிதம் போட்டால் தெரிந்துவிடும்.

போடப் போவதில்லை. இதைக் கேட்க வேண்டியவர் செபாஸ்டியன் சார் ஒருவர்தான், அவர் இப்போது இல்லை. அவரைப் பற்றி என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு சந்தேகம். அதை வேறு யாரிடமும் கொண்டு போகாமல் நானே வைத்துக்கொள்கிறேன்.