சினிமாத் திரையில் ஓலைச்சுவடி

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, டூரிங் கொட்டகைகளில் வேலை பார்த்து அலைந்தபின், திருச்சியில் ஒரு கல்லூரி நூலகத்தில் அட்டெண்டராக ஒட்டிக்கொண்டேன். அங்கே ஸ்ரீரங்கத்து ராகவன் என்பவர் தம் ஆராய்ச்சிக்காக ஓர் ஓலைச்சுவடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது ஜெர்மனியில் இருந்தது. அங்குள்ள பல்கலைக்கழக நூலகம் எங்களை நம்பி, அதைப் பொடிப்பொடியாகப் படமெடுத்த மைக்ரோபிலிம் சுருளை இரவலாக அனுப்பியது. மாதக் கடைசியில் திருப்பிவிட வேண்டும்.

அதைப் படிக்கும் மெஷின்தான் எங்களிடம் இல்லை. "எழுதிப் போட்டிருக்கு, வரும்" என்றே தினமும் சொன்னார் நூலகர். ராகவன் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணைச் சுருக்குவார். "எறும்பு ஊர்றாப்பல இருக்கேய்யா!"

எனக்குப் பொறுக்கவில்லை. நூலகரிடம் சொல்லிவிட்டு, என் பழைய சிநேகிதன் பஷீர் ஆபரேட்டராக இருந்த தியேட்டருக்கு ராகவனை இழுத்துப் போனேன். விளம்பர ஸ்லைடு காட்டும் விளக்கில் பிலிமைச் செருகியதும், திரை முழுக்கச் சுவடி எழுந்தது. ராகவன் கைகூப்பிவிட்டார்.

"கும்பிட்டது போதும், எழுதுங்க சாமி. சூட்டுல பிலிம் சுருண்டா, நானா ஜெர்மனிக்குப் போய்ப் பதில் சொல்றது?" என்றான் பஷீர்.

தினமும் மேட்னிக்கு முன்னால் தரை டிக்கெட் பகுதியில் உட்கார்ந்து, ராகவன் எழுதி முடித்தார். பிலிம் கெடுவுக்குள் திரும்பிப் போனது.

மெஷின் அடுத்த வருஷம் வந்தது. போட்டுப் பார்க்கத்தான் ஒன்றுமில்லை. அதன் தூசியைத் துடைக்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். எங்கள் முகம் தெரியாமலே நம்பி அனுப்பியவர்களை நினைத்துக்கொள்வேன், கொஞ்சம் அடங்கும்.