அரிசிச் சாக்குக்குள் துவக்கு, இரண்டு பாஷைக்கு நடுவில் நான்

நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கிற வேலை என்பது, ஒருவர் சொன்னதை அச்சுப் பிசகாமல் மற்றவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு பேரிடமும் முறைப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற வேலை. கோபித்துக்கொண்ட இரண்டு சொந்தக்காரருக்கு நடுவில் தூது போன அனுபவம் உங்களுக்கு இருந்தால், என் நிலைமை விளங்கும். இத்தாலியில், பலெர்மோவில் என்னை எத்தனையோ வழக்குகளுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். யோகண்ணையின் வழக்கைப்போல என்னைப் படுத்தியது வேறொன்றும் இல்லை.

ஈரம்

யோகண்ணை இலங்கையில் வன்னிக்காரர். பலெர்மோவின் சீசாப் பகுதியில் தனியாக இருந்த ஒரு கிழவரைக் கடைசிவரை குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிப் பார்த்துக்கொண்டவர். கிழவர் செத்த பிறகு, பிள்ளைகள் மனமிரங்கி, தங்களுக்குத் தூக்க முடியாத பழைய அலுமாரி ஒன்றை இவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். இவரும் அதைப் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற தன் வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்தார். அடித்தட்டில், பழைய பெனியன் ஒன்றில் சுற்றியபடி ஒரு கைத்துவக்கு கிடந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், மனைவிக்கும் சொல்லாமல், அதை அரிசிச் சாக்குக்குள் புதைத்துவிட்டார்.

ஆளில்லாத ஒரு காலையில் அவர் வீட்டுக் குளியலறைக் குழாய் வெடித்தது. கீழ்வீட்டுக்காரி தீயணைப்புப் படையைக் கூப்பிட்டாள். அவர்கள் கதவைத் திறந்து, நல்ல மனதோடு அரிசிச் சாக்கைத் தண்ணீருக்குள் இருந்து தூக்கினார்கள். ஈரச் சாக்கு கிழிந்து, அரிசியோடு துவக்கும் விழுந்தது. பிறகென்ன, பொலிஸ்தான். என்னைக் கூப்பிட்டு நான் போனபோது, காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் மிகுந்த அக்கறையோடு சொன்னார்: "என் மகளும் தண்ணீரில் விழுந்த தொலைபேசியை அரிசிக்குள்தான் வைத்தாள், சிஞ்ஞோரா. ஆனால் அதற்கு உரிமம் தேவைப்படவில்லை."

மற்றது எங்கை?

அடுத்த நாள் நீதிபதிக்கு முன்னால் நிறுத்தினார்கள். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே, வாழ்க்கையில் ஒரு விளையாட்டுத் துவக்கைக்கூடத் தொடாத நான், நிறைந்த மண்டபத்தில் நின்று, "நான் துப்பாக்கியை அரிசிக்குள் ஒளித்தேன்" என்று தெளிவான இத்தாலியனில் வாக்குமூலம் கொடுத்தேன். பின்வரிசை வாங்கில் இருந்த கிழவி ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அரசுத் தரப்புச் சட்டத்தரணி, ஒளித்து வைத்ததே குற்ற மனதுக்குச் சாட்சி என்றார். நீதிபதி அம்மா அவரைக் கையால் அமர்த்திவிட்டு, யோகண்ணையைப் பார்த்துக் கேட்டார்: கண்டெடுத்த அன்றே பொலிஸில் கொடுத்திருந்தால் நன்றி சொல்லி அனுப்பியிருப்பார்கள், ஏன் கொடுக்கவில்லை? நன்றி சொல்லுகிற பொலிஸ் என்பதை யோகண்ணைக்கு விளங்கப்படுத்தவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். அதை நான் இத்தாலியனில் சொன்னேன். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யோகண்ணை சொன்னது இவ்வளவுதான்: "எங்கடை ஊரிலை ஒரு துவக்கைக் கொண்டுபோய்க் குடுத்தால், மற்றது எங்கை எண்டு கேப்பினம், அம்மா. இல்லாத மற்றதுக்காகப் போன ஆக்கள் திரும்பி வரேல்லை."

சலுகை

அன்றைக்கு அவரை வீட்டுக்கு விட்டார்கள். வழக்கு முடியும்வரை பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. யோகண்ணையின் சட்டத்தரணி இளம்பெடியன், படு உற்சாகமான ஆள். இது எவ்வளவு பெரிய சலுகை, ஐரோப்பிய நீதி எவ்வளவு மனிதத்தன்மையானது என்று படிக்கட்டு முழுக்கப் பிரசங்கம் செய்தார். நானும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். யோகண்ணை மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஓம் தங்கச்சி, சண்டை முடிஞ்ச பிறகு ஆமிக் காம்பிலையும் இந்தச் சலுகைதான் தந்தவை."

கண்ணியமான அப்பா

இனி, அந்தத் துவக்கு கிழவருடையது என்று யாராவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதை எங்கே, எவரிடம் வாங்கினாய் என்று தொடங்குவார்கள். மாஃபியா ஊரான பலெர்மோவில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. தண்டனை கூடினால் இங்கே இருப்பதற்கான அனுமதியை, பெர்மெசோவைப் புதுப்பிக்க மாட்டார்கள். இத்தனை வருசம் இருந்த நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான். யோகண்ணையின் மனைவி வசந்தி சாப்பாட்டை விட்டுவிட்டாள்.

சட்டத்தரணி கிழவரின் மகளைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். அந்த மகள் சென்ட் வாசனையோடு வந்தார். யோகண்ணையைப் பார்த்து, அப்பாவை நீ எவ்வளவு அன்பாகப் பார்த்தாய் என்று கண் கலங்கினார். பிறகு, தன் அப்பா கண்ணியமானவர், வீட்டில் கூரான, பழம் வெட்டுகிற கத்திகூட வைத்திருக்கவில்லை என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அப்படியே மொழிபெயர்த்தேன். கண் கலங்கியதை மட்டும் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

நாங்கள் நம்பிக்கையைக் கை கழுவிவிட்ட நேரத்தில் கிழவரின் மகன் தானாக வந்தார். பிரான்காச்சோப் பகுதியில் கார் திருத்துகிறவர், அக்காவோடு கதை பேச்சு இல்லாதவர். விசயத்தை அப்பாவின் பழைய கீழ்வீட்டுக்காரர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தாராம். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கதிரையில்கூட இருக்காமல், நேராகச் சொன்னார்: "அது எங்கள் அப்பாவுடையதுதான். சின்ன வயதில் அதைத் தொட்டதற்கு வாங்கிய அறை இன்னும் இந்தக் காதில் கேட்கிறது. எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன்."

கழிவு

மகனின் வாக்குமூலம் வந்ததும் அரசுத் தரப்பின் குரல் இறங்கியது. சட்டத்தரணி, இனிப் பேரம் பேசலாம் என்றார். குற்றத்தை ஒத்துக்கொண்டு, இரண்டு தரப்பும் ஒரு தண்டனையைப் பேசித் தீர்த்தால், மூன்றில் ஒரு பங்குவரை கழிப்பார்கள். சந்தையில் பண்டிகைக் கழிவு போடுகிற மாதிரி, இங்கே சட்டமே கழிவு போடுகிறது. யோகண்ணைக்கு அது பிடிபடவில்லை. களவெடுக்கவில்லை, ஒருவரையும் சுடவில்லை, பிறகு எதை ஒத்துக்கொள்வது என்று கேட்டார். துவக்கு வைத்திருந்தும் அறிவிக்காததே குற்றம் என்று சட்டத்தரணி பொறுமையாக விளக்கினார். பொறுமை தீர்ந்ததும், பல்லரோவில் மீன் வாங்கும்போது முழு விலையா கொடுக்கிறார் என்று அவரைக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

கேட்டேன். யோகண்ணை யோசித்து, சரி, பேசுங்கோ என்று தலையாட்டினார். பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "அங்கை நான் மீன் வாங்குற ஆள், தங்கச்சி. இஞ்சை நான்தான் மீன்."

ஐந்து வருசம்

தீர்ப்பு நாளில் மண்டபத்தில் குளிரூட்டி வேலை செய்யவில்லை. நீதிபதி அம்மா பேரத்தை ஏற்றுக்கொண்டு வாசித்தார். பத்து மாதச் சிறை. அந்த வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் அவர் தண்ணீர் குடித்தார். விதி விதிதானே, நானும் அங்கேயே நிறுத்த வேண்டியதாயிற்று. யோகண்ணையின் கை வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. பின்னால் வசந்தி எழுந்து நின்றுவிட்டாள். ஒரு மனிதர் தண்ணீர் குடிக்க அவ்வளவு நேரம் எடுப்பார் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பிறகுதான் அடுத்த வசனம் வந்தது: தண்டனை இடைநிறுத்தம். சிறைக்குப் போகத் தேவையில்லை. ஐந்து வருசம் வேறு குற்றம் செய்யாமல் ஒழுங்காக இருந்தால் எல்லாம் அழிந்துவிடும். பெர்மெசோவுக்கும் இது பெரிய இடைஞ்சலாக வராது என்று சட்டத்தரணி சொன்னார்.

வெளி விறாந்தையில் வசந்தி அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, என்ன நிபந்தனை என்று திரும்பவும் என்னிடம் கேட்டாள். சொன்னேன். அவள் யோகண்ணையை மேலும் கீழும் பார்த்தாள். "ஒழுங்கா இருக்கச் சொல்லிக் கலியாணம் கட்டின நாளிலையிருந்து நானும் சொல்லுறன். ஒரு கறுப்பு அங்கி போடாததுதான் என்ரை பிழை."

இரண்டு பாஷை தெரிந்தால் எங்கே போனாலும் பிழைக்கலாம் என்று எனக்குச் சொன்னவர்கள், ஒரே மூச்சில் ஒருவரைச் சிறைக்கு அனுப்பி அடுத்த மூச்சில் வீட்டுக்கு அனுப்புகிற பிழைப்பு அது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள்.