பஸ் ஸ்டாண்டு ப்ளானில் நான் சுரண்டி எடுத்த நாலு அறைகள்

அம்மோனியா நெடி...

முனிசிபல் ஆபீஸ் மாடியில் ப்ளான் பிரிண்ட் எடுக்கிற அறைக்குள் போனாலே கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. இன்ஜினியரிங் செக்‌ஷனில் தற்காலிக ட்ரேசர். இன்ஜினியர் பென்சிலில் போட்டுத் தரும் ப்ளானை ட்ரேசிங் பேப்பரில் இங்க்கால் இழுக்க வேண்டும். தப்பு வந்தால் பேப்பர் கிழியாமல் அரை பிளேடால் சுரண்ட வேண்டும்.

ஊர்ப் பெயர் வேண்டாம். பாலாற்றங்கரை, தோல் ஷெட்டு, ஷூ கம்பெனி... எங்கள் பக்கத்துக்காரர்கள் புரிந்துகொள்வீர்கள்.

அந்த ஊருக்குப் புது பஸ் ஸ்டாண்டு வரப்போகிறது. அதன் ப்ளானை இழுத்தது நான். எவ்வளவு பெருமை எனக்கு!

பள்ளிகொண்டாவில் நான் ஏறும் பஸ்ஸில்தான் வசந்தாவும் ஏறுவாள். ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறவள். என்னைவிட இரண்டு வயது பெரியவள், ஆனாலும் வாடி போடிதான். தினமும் கேட்பாள்.

"இன்னாடி ஸ்டெல்லா, நம்ம பஸ் ஸ்டாண்டு எங்க வந்து நிக்குது?"

"லேடீஸுக்குத் தனியா நாலு பாத்ரூம் போட்டுக்கீறாங்க வசந்தா. நேத்துதான் இழுத்தேன்."

"நெஜமாவா? அப்ப மத்தியானம் தண்ணி குடிக்கலாம்னு சொல்லு!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கம்பெனியில் டோக்கன் வாங்கித்தான் பாத்ரூம் போக முடியும். சாயந்தரம் ரோட்டோரம் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். ஆண்களுக்கு எந்தச் சுவரும் போதும். அதனால் கம்பெனிப் பெண்கள் பதினோரு மணிக்குமேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து ஓவர்சியர் ப்ளானோடு என் மேஜைக்கு வந்தார்.

"இந்த நாலு ரூமையும் எடுத்துட்டு ரெண்டு கடை போடும்மா."

"சார், லேடீஸுக்கு வேற எங்க சார்?"

"கடன் வாங்கிக் கட்றாங்க. கடை வாடகையில தான் கடனை அடைக்கணும். கக்கூஸ் வாடகை குடுக்குமா?"

செக்‌ஷனே சிரித்தது. சொன்னால் வெட்கம்... நானும் சிரித்து வைத்தேன். பிறகு பிளேடை எடுத்துச் சுரண்டினேன். 'பெண்கள் கழிப்பறை' என்று நானே எழுதிய எழுத்து ஒவ்வொன்றாகப் பொடியாக உதிர்ந்தது. ஊதித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் 'கடை' என்று எழுதினேன்.

வசந்தாவிடம் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டு திறந்தார்கள். தோரணம், மைக் செட், மாலை. பேசியவர்கள் எல்லோரும் தாய்மார்களே என்றுதான் ஆரம்பித்தார்கள். வசந்தா கடைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"எங்கடி அது?"

நான் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அடுத்த கோடையில் அவள் ஏழு மாதம். குளிர் ஜுரத்தில் துணி மாதிரித் துவண்டு போனவளை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிறுநீரகத்தில் கிருமி. ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே பிரசவம் ஆகி, குழந்தை இரண்டு நாள்தான் இருந்தது.

பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஏம்மா ஒழுங்கா தண்ணி குடிக்கலன்னு டாக்டரம்மா திட்டறாங்க ஸ்டெல்லா. குடிச்சா எங்க போறதுன்னு அவங்ககிட்ட யாரு சொல்றது?"

அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஓவர்சியர் சொன்னது, நான் சிரித்தது, சுரண்டியது. அவள் அழவில்லை. "பழைய ப்ளான் இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது. சுரண்டுவதற்கு முன்னால் சரிபார்க்க எடுத்த பிரிண்ட் ஒன்று, பழைய பைலில். மறுநாளே மடித்துப் பைக்குள் வைத்து எடுத்து வந்து அவளிடம் கொடுத்தேன்.

வசந்தா எழுந்து நடமாடியதும் கம்பெனிப் பெண்கள் நாற்பது பேர் முனிசிபல் ஆபீஸுக்கு வந்தார்கள். அரை நாள் கூலி போனால் போகட்டும் என்று வந்தார்கள். பெரிய அதிகாரி வெளியே வந்தார்.

"கட்டடம் முடிஞ்சி போச்சும்மா. இனிமே ஃபண்டு இல்ல."

வசந்தா பிரிண்டை விரித்துக் காட்டினாள். "நாலு ரூம் போட்டு வெச்சிருந்தீங்களே சார். அதுக்கு வந்த ஃபண்டு எங்க போச்சி?"

அவர் பிரிண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். வாசலில் நின்ற எங்கள் செக்‌ஷன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "இது வெளிய எப்டிப் போச்சு? யாரு குடுத்தது?"

"நான்தான் சார்" என்றேன்.

மாதக் கடைசியோடு என்னை நிறுத்திவிட்டார்கள். அரசாங்க வேலை என்பது அதோடு சரி. பிறகு ஒரு தனியார் சர்வே ஆபீஸில்தான் கடைசிவரை கோடு இழுத்தேன். ஆனால் அந்தப் பெண்கள் விடவில்லை. வாரா வாரம் போனார்கள். ஒரு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டு பின்பக்கம் இரண்டு அறைகள் கட்டினார்கள். நாலு கேட்டதற்கு இரண்டு... அதற்கும் ஒரு திறப்பு விழா.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. வசந்தா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. போன வாரம் அந்த ஊருக்குப் போனேன். பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். டைல்ஸ், டிஜிட்டல் போர்டு, கோடிக்கணக்கில் செலவாம். பெண்கள் கழிப்பறை இந்தத் தடவை ப்ளானிலும் இருக்கிறது, கட்டடத்திலும் இருக்கிறது. பூட்டு தொங்குகிறது. சாவி யாரிடம் என்று நாலு பேரைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கம்பெனி ஐடி கார்டு மாட்டிய ஒரு பெண் என்னைப் பார்த்து, "அது எப்பவும் இப்டித்தான் ஆண்ட்டி" என்று சொல்லிவிட்டு பஸ் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். கோபம்கூட இல்லை அவளுக்கு.

எனக்கு இருக்கிறது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். நான் போகிறேன். நாற்பது பேர் வேண்டும். யார் யார் வருகிறீர்கள்?